ரெண்டே முக்காலுக்குப் பதினெட்டு

இந்த மாதத்தில் இது நாலாவது பஞ்சர்.
கொப்பரைக் களத்து ஆணி இரண்டு,
வேலாமுள் ஒன்று,
நேற்றையது என்னவென்றே தெரியவில்லை.
"டியூபைக் குத்தஞ் சொல்லிப் பிரயோசனமில்லீங் அம்மிணி,
டயரு அப்பளமாயிருச்சு" என்கிறார் ஜபருல்லா.

தாராபுரம் ரோட்டில் அவர் கடை.
காங்கயத்து வெயில் மொத்தமும்
வாசலில் அடுக்கிய கறுப்பு வளையங்களில் வேகிற
காலை பதினொரு மணி.
எண்ணெய் மில் கணக்கு நோட்டு மடியில்,
கவிழ்த்த ஆயில் டின்மேல் நான்.

சீட்டெடுத்த பணத்தில் தொண்ணூற்றெட்டில் வாங்கியது.
பொம்பளைக்கு எதுக்கு கியர் வண்டி,
மொபெட் போதாதா என்றவர்கள்
அப்புறம் அவசரத்துக்கு
என்னிடம்தான் சாவி கேட்டார்கள்.

காற்றுப் பிடிக்க வந்த பையன் ஒருவன்
"அகலமாப் போடுங்க்கா, கெத்தா இருக்கும்" என்றான்.
அகலம் செயின் கவரில் உரசும்.
டியூப்லெஸ் ஆகாது, கம்பி போட்ட சக்கரம்.
ரிம்மில் பொறித்த அளவு ஒன்றுதான்:
ரெண்டே முக்காலுக்குப் பதினெட்டு.
பொருத்தம் பார்க்க வேறு ஜாதகம் இல்லை.

இரண்டை இறக்கி வைத்தார்.
ஒன்று ஆயிரத்து நூறு,
மற்றது ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
விலை குறைந்ததன் விலாவில்
சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண்:
1418.
பதினெட்டாம் வருஷம், பதினாலாம் வாரம்.
பங்குனியில் பிறந்து
ஒரு கல்லும் மிதிக்காமல்
ஆணியில் தொங்கியே கிழடானது.
நகத்தால் அழுத்தினேன். பள்ளம் விழவில்லை.
"ஓடுனாத்தான் தேயும்னு இல்லீங்.
சும்மா இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்."
டயரைப் பற்றித்தான் சொன்னார்.

ஒடிசாக்காரன் பிகாஷ் பழையதைக் கழற்றி
என் காலடிக்கு உருட்டிவிட்டான்.
நடுவில் மொழுக்கென்று ஒரு பட்டை,
தூசு படிந்த கரும்பலகை மாதிரி.
ஓரங்களில்,
ஐயோ,
வாங்கிய அன்றைய முடி
இன்னும் நிற்கிறது.
பொடிப்பொடி ரப்பர் முடி, கன்றுக்குட்டிக் காதில் போல.

ஜபருல்லா தடவிப் பார்த்தார்.
"நேராவே ஓட்டியிருக்கீங்.
ஒரு வளைவுலகூடச் சாயலையாட்ட இருக்குது."

எங்கே சாய்வது.
வீடு, மில், களம், பேங்க்,
திரும்ப மில்.
திருப்பம் வந்தால் ஒரு காலை ஊன்றி
பீரோவை நகர்த்துகிற மாதிரி
வண்டியைத் திருப்பியிருக்கிறேன்
இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்.
திம்பத்துக்கு இருபத்தேழு கொண்டையூசி என்று
யாரோ சொல்லக் கேட்டு
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
இருபத்தேழு கோடு போட்டுப் பார்த்ததுண்டு.
அவ்வளவுதான்.

ஆயிரத்து எண்ணூற்றைம்பதையே எடுத்தேன்.
"ஆர்.சி. இன்னும் மூணு வருசந்தானுங்களே,
இது அஞ்சு வருசம் ஓடும்" என்றார்,
தன் வியாபாரத்துக்கு எதிராகவே.
மிச்ச ரெண்டு வருஷத்தை
எந்தத் தலைப்பில் எழுதுவது?
வரவா, பற்றா?

சோப்புத் தண்ணீர், லீவர், பவுடர்.
அம்புக்குறியைத் திருப்பி மாட்டிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டு
மறுபடி கழற்றினான் பிகாஷ்.
"எவ்வளவு காத்து?"
"முப்பத்தி மூணுங்" என்றான்,
எங்கள் ஊர் 'ங்'கோடு.

"புது ரப்பரு வழுக்குமுங்.
நூறு கிலோமீட்டருக்குப் பாத்துப் போங்."

ஊதியூர் தாண்டி, களத்துக்குப் பிரிகிற வழியில்
வாய்க்கால் பாலம்.
பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு.
நூறில் பதினேழுதான் ஆகியிருந்தது.

களத்தில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன்.
வலப்பக்க ஓரத்தில் எல்லா முடியும் இருந்தது.
இடப்பக்கம் நாலைந்து காணோம்.
பிகாஷின் லீவரில் போயிருக்கலாம்.

லோடு எடை போடக் கூப்பிட்டார்கள்.
போனேன்.